தொட்டில் ஸ்பிரிங்கும் தம்பியின் சத்ரியாவும்



வண்டி வாகனம் பற்றிப் பேசும் இந்தப் பகுதியில் பெட்ரோல் சிக்கனம், பழைய கார் வாங்கும் முறை, மழைக்காலப் பராமரிப்பு என்றே பெரும்பாலும் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை இளைஞர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். பெரியவர்கள் கோபித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். செலவாகப் போவது உங்கள் வீட்டுப் பணம். அந்தக் காரில் பின்னால் உட்காரப் போவதும் நீங்கள்தான்.

சென்ற மாதம் பிறையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெளியே வந்தால், வாசலில் ஒரு புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. நல்ல சிவப்பு. பக்கத்தில் இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர், பெற்ற பிள்ளையைத் தடவிக் கொடுப்பதுபோல் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அப்பா இல்லை. அம்மா முன்பு பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, லயத்தை விட்டு வெளியேறி, இப்போது மகனோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்.

"மாமா, நீங்கதானே கார் பத்தி எழுதுறவங்க? ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டிட்டா கார் நல்லா கீழே உக்காந்து ரோட்டைப் புடிக்கும்னு கூட்டாளிங்க சொல்றாங்க. இல்லேன்னா ஹை-லோ செட்டு போட்டுடலாமா? போனஸ் பணம் அப்படியே இருக்கு" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்னே, பின்னால் நின்ற அம்மா முந்திக்கொண்டார். "அண்ணே, இப்பவே அதுல ஏறி எறங்குனா எனக்கு இடுப்பு விட்டுப் போகுது. இன்னும் கீழே எறக்கினா நான் பஸ்ஸிலேயே கோயிலுக்குப் போயிக்கிறேன்னு சொல்லிடுங்க."

தம்பியின் கேள்வியும் நியாயம். அம்மாவின் குறையும் நியாயம். இரண்டுக்கும் விடை ஒன்றே என்பதுதான் வேடிக்கை. அதைத்தான் இன்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தக் காரைப் பற்றி இரண்டு வார்த்தை. சத்ரியா ஜிடிஐ 1998-ல் வந்தது. 1.8 லிட்டர் இயந்திரம், சுமார் 138 குதிரை சக்தி. வெறும் இயந்திரத்துக்காக மட்டும் அதற்குப் பெயர் வரவில்லை. இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் 1996-ல் வாங்கியிருந்தது. (2017-ல் லோட்டஸ் வேறு கைக்குப் போய்விட்டது.) பந்தயக் கார்களில் பேர் எடுத்த அந்த லோட்டஸ் பொறியாளர்கள்தாம் இந்தக் காரின் ஸ்பிரிங், அப்சோர்பர், ஸ்டீரிங் நடத்தை எல்லாவற்றையும் சீராக்கிக் கொடுத்தார்கள். காரின் பின்புறம் ஒட்டியிருந்த லோட்டஸ் சின்னம் சும்மா அழகுக்கு ஒட்டியதல்ல. கை தேர்ந்தவர்கள் சமைத்து வைத்த குழம்பில் ருசி பார்க்காமலே உப்பை அள்ளிப் போடுவோமா? ஸ்பிரிங்கை வெட்டுவது அந்த வேலைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஸ்பிரிங் என்ன செய்கிறது, அப்சோர்பர் என்ன செய்கிறது? இதற்குப் பொறியியல் படிப்பு வேண்டாம். நம் வீட்டுக் குழந்தைத் தொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் தொட்டிலை ஸ்பிரிங்கில் மாட்டித் தொங்கவிடுகிறோம். குழந்தையைப் போட்டு ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும்; நாம் ஒரு வாளித் துணியை அலசி முடிக்கும்வரை அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். குழந்தை வளர்ந்து கனம் கூடினால் என்ன செய்கிறோம்? பக்கத்தில் இன்னொரு ஸ்பிரிங்கைச் சேர்த்து மாட்டுகிறோம். தொட்டில் தரையில் இடிக்காது; ஆனால் ஆட்டம் முன்னைவிடக் கடினமாகிறது. பச்சைக் குழந்தையை இரண்டு ஸ்பிரிங் போட்ட தொட்டிலில் போட்டுப் பாருங்கள், தூங்காது. பாரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங் என்பது இதுதான்.

தொட்டில் ஆடிக்கொண்டே இருந்தால் குழந்தை தூங்கும். கார் ஆடிக்கொண்டே இருந்தால் சாலையை விட்டுவிடும். ஆகவே ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் அப்சோர்பர். உள்ளே எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆட்டத்தின் வேகம் அங்கே சூடாக மாறிக் கரைந்து போகிறது. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். அப்சோர்பர் ஆட்டத்தை அடக்கும். இரண்டும் கணவன் மனைவி மாதிரி. ஒருவருக்கு ஒருவர் பொருத்தம் பார்க்காமல் சேர்த்து வைத்தால் வீட்டில் சண்டைதான்.

ஒரு கணக்கும் சொல்லி வைக்கிறேன். சாதாரணக் குடும்பக் காரை அழுத்தி விட்டால் அதன் உடல் வினாடிக்குச் சுமார் ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும் இயல்புள்ளது. சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றரைக்கு மேல், இரண்டுக்குள். பந்தயத் திடலில் மட்டும் ஓடும் கார்களுக்கு இரண்டுக்கும் மேலே. திடலில் தார் மேசைபோல் வழவழப்பாக இருக்கும். அங்கே அது சரி. பிறையில் நாள் முழுதும் கொள்கலன் லோரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த சாலையில் அந்தக் கடினம் என்ன செய்யும்? டயர் பள்ளத்தில் இறங்க நேரமில்லாமல் தாவும். தாவும் டயருக்கு ஏது பிடி? பிரேக் போட்டாலும் ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் காற்றில் இருக்கும் டயர் உங்கள் பேச்சைக் கேட்காது.

கார் கடினமாக இருந்தால் சாலையைப் பிடிக்கும் என்று நம் பிள்ளைகள் நினைப்பதில் பாதிதான் உண்மை. கார் குறைவாகச் சாயும், அது உண்மை. ஆனால் பிடி என்பது டயர் தரையை விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பதில் இருக்கிறது. நம் நாட்டு ரேலி வீரர் கரம்ஜித் சிங் 2002-ல் புரோட்டோன் பெர்ட் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார். மண் சாலையில் ஓடும் ரேலிக் கார்களின் படத்தைப் பாருங்கள். தரையோடு தரையாகவா கிடக்கின்றன? நன்றாக உயர்ந்து நிற்கும். சக்கரம் ஏறி இறங்கத் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். சாலை மோசமாக இருக்க இருக்க, சக்கரத்துக்கு அந்த இடம் அதிகம் வேண்டும்.

இப்போது ஸ்பிரிங் வெட்டும் சங்கதி.

வேலை செய்யும் சுற்று எட்டு உள்ள ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டிவிட்டால் மீதி ஆறு. ஸ்பிரிங்கின் கடினம் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர்மாறாகப் போகும். எட்டை ஆறால் வகுத்தால், மூன்றில் ஒரு பங்கு கடினம் கூடிவிட்டது. கார் இறங்கியது மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. பழைய அப்சோர்பர் பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது. புதுக் கடினத்தை அடக்க அதனால் முடியாது. கார் குதிக்க ஆரம்பிக்கும். அந்த அப்சோர்பரும் சீக்கிரம் போய்விடும்.

அதோடு முடிந்ததா? ஸ்பிரிங்கின் நுனி அதன் தட்டில் ஒழுங்காக உட்காரும்படி தொழிற்சாலையில் வடிவமைத்திருப்பார்கள். வெட்டிய நுனி அப்படி உட்காராது. கார் ஒரு மேட்டைத் தாண்டி, சக்கரம் முழுவதும் கீழே தொங்கும் நேரத்தில், குட்டையாகிப் போன ஸ்பிரிங் தட்டிலிருந்து நழுவவும் கூடும். நெருப்பு வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கைப் படுக்க வைப்பவர்களும் உண்டு. அது இன்னும் கெடுதல். எஃகின் பதமே போய்விடும்.

இதையெல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் இருபத்தைந்து வயது இருந்தது. பழைய சாகா ஒன்று வைத்திருந்தேன். ஒரு பட்டறையில் கொடுத்து நான்கு ஸ்பிரிங்கையும் வெட்டிக்கொண்டேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஒரு நாள் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாலேக் பூலாவிலிருந்து தெலுக் பாஹாங் போகும் மலைச்சாலையில் வந்துகொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு வளைவின் நடுவில் சின்னப் பள்ளம். வேகம் ஒன்றும் பெரிதில்லை. கார் ஒரு தரம் குதித்தது, இரண்டாம் தரம் குதித்தது, மூன்றாம் தரம் தரையைத் தொட்டபோது முகம் வேறு திசையில் இருந்தது. கால்வாயில் போய் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. அப்பாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன் பிறகு என் காரில் அவர் ஏறவும் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் பஸ்தான். அந்தத் தம்பியின் அம்மா பஸ் என்று சொன்னதும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

நிற்க. வெட்டக்கூடாது என்றால் வேறு என்னதான் செய்வது? காரை ரசித்து ஓட்ட ஆசைப்படுவது தவறா? தவறே இல்லை. வரிசை தெரிந்து செய்யவேண்டும். நான் தம்பிக்குச் சொன்ன வரிசையை அப்படியே உங்களுக்கும் தருகிறேன்.

முதல் வேலை, இருப்பதைச் சரி பார்ப்பது. இருபது வயது தாண்டிய காரில் புதுச் சாமான் பூட்டுவதற்கு முன், பழைய சாமான் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். காரின் ஒவ்வொரு மூலையையும் கையால் பலமாக அழுத்தி விடுங்கள். ஒரு தரம் மேலே வந்து அடங்கினால் அப்சோர்பர் ஓரளவு பரவாயில்லை. மூன்று நான்கு தரம் ஆடினால் அது போய்விட்டது. அடங்கிவிட்டது என்பதற்காக முழுவதும் நல்லது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். அப்சோர்பர் உடம்பில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறதா, டயரைக் கையால் தடவினால் அலை அலையாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மேட்டில் ஏறும்போது "கடக், கடக்" என்று சத்தம் வந்தால் பால் ஜாயிண்ட், அப்சோர்பர் மவுண்டிங், ஸ்டெபிலைசர் லிங்க் இவற்றைப் போர்மனிடம் காட்டுங்கள்.

அடுத்து புஷ். இதைப் பற்றி நம்மவர்கள் பெருமையோடு தெரிந்துகொள்ள வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் காரின் உடலோடு சேரும் இடமெல்லாம் ரப்பர் புஷ் இருக்கிறது. எத்தனையோ செயற்கை ரப்பர் வந்துவிட்ட பிறகும், இந்த இடத்துக்கு இயற்கை ரப்பரைத்தான் இன்னும் பெரிதும் நாடுகிறார்கள். லட்சக்கணக்கான தடவை முறுக்கினாலும் சோர்ந்து போகாத குணம் அதற்கு உண்டு. விடியற்காலையில் நம் தாய்மார்கள் வெட்டிச் சேர்த்த பால் அது. பத்து காவானிலிருந்து தீவுக்குப் போகும் இரண்டாவது பினாங்குப் பாலம் 2014-ல் திறக்கப்பட்டதே, அந்தப் பாலத்தின் அடியிலும் நில அதிர்ச்சியைத் தாங்குவதற்காக இயற்கை ரப்பரால் செய்த தாங்கிகள் இருக்கின்றன. பாரத்தைச் சுமந்து, ஆட்டத்தையும் தனக்குள் அடக்கிக்கொள்ளும் ரப்பர். பாலத்துக்குப் போட்டதும் காருக்குப் போட்டதும் ஒரே யோசனைதான்.

ஆனால் வெயிலும் எண்ணெயும் வயதும் சேர்ந்து ரப்பரை வெடிக்க வைத்துவிடும். வெடித்த புஷ்ஷோடு ஓடும் கார், கால் செருப்பு வார் அறுந்து நடப்பது போலத்தான். பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கும், வளைவில் தயங்கும். புது ரப்பர் புஷ் ஒரு செட்டு பூட்டினாலே பாதிக் கார் புதிதாகிவிடும். பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று கேட்பீர்கள். ஸ்டீரிங் கொஞ்சம் கூர்மையாகும். அதிர்வும் சத்தமும் கூடும். அவ்வப்போது கிரீஸ் வைக்காவிட்டால் கீச்சுக் கீச்சென்று கத்தும். தினமும் வேலைக்குப் போகும் காருக்கு ரப்பரே நல்லது.

இங்கே ஒரு சின்ன ரகசியம். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது கார் தன் சக்கரங்களில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், காரை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். பிறகு எப்போதும் முறுக்கியபடியே இருந்து ஆறு மாதத்திலேயே கிழிந்து போகவும் கூடும். பட்டறையில் பக்கத்தில் நின்று பணிவாகக் கேளுங்கள். "போர்மன், கார் கீழே நிக்கும்போது இறுக்குவீங்களா?" நல்ல போர்மன் கோபிக்க மாட்டார்.

இரண்டாவது வேலை, டயர். காரில் எத்தனை ஆயிரம் வெள்ளிக்குச் சாமான் பூட்டினாலும் சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். அந்த நான்கு உள்ளங்கையில் கஞ்சத்தனம் செய்துவிட்டு ஸ்பிரிங்கில் பணத்தைக் கொட்டுவது, கிழிந்த வலைக்குத் தங்கத்தில் குண்டு கட்டுவது போல. ஜிடிஐக்கு நிறுவனம் கொடுத்த அளவு 195/55, ரிம் 15 அங்குலம். அதே அளவில் மழையில் பிடி கொடுக்கும் நல்ல டயராகப் பாருங்கள். பெரிய ரிம் பூட்டினால் அழகு கூடும், கனமும் கூடும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் கனம் கூடக்கூட, சக்கரம் பள்ளம் மேட்டைத் தொடர்ந்து போவது கடினமாகிவிடும். டயரின் பக்கத்தில் நான்கு எண் இருக்கும். 2323 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. புதுசு என்று சொல்லிப் பழைய டயரைத் தலையில் கட்டுகிறார்களா என்று இதில் தெரிந்துவிடும். சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பூ இருக்கவேண்டும். நம் ஊர் மழைக்கு 3 மில்லிமீட்டர் வந்ததுமே மாற்றுவதை யோசியுங்கள்.

மூன்றாவது, அலைன்மெண்ட். புஷ், பால் ஜாயிண்ட் மாற்றினாலும், காரை இறக்கினாலும், சக்கரங்களின் கோணம் மாறிவிடும். அலைன்மெண்ட் செய்து, அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பள்ளி ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துவது போல அதையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை எது மாறியது என்று அதுதான் சொல்லும்.

இந்த மூன்றையும் செய்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பத்தில் ஐந்து பேருக்கு மேலே செலவு செய்யும் ஆசையே போய்விடும். கார் அப்போதுதான் லோட்டஸ்காரர்கள் கொடுத்த நிலைக்குத் திரும்பியிருக்கும்.

அதற்கு மேலும் ஆசை இருந்தால் நான்காவதாக அப்சோர்பரும் ஸ்பிரிங்கும். இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்து, ஒரே செட்டாக விற்கும் நல்ல நிறுவனத்துச் சாமானாக வாங்குங்கள். 25 அல்லது 30 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கவேண்டாம். ஏன் தெரியுமா?

சத்ரியாவின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அமெரிக்கப் பொறியாளர் மெக்பர்சன் 1940-களில் உருவாக்கியது. இன்று நம் மைவி வரை பெரும்பாலான கார்களில் இருப்பது அதுதான். இதில் காரை அதிகம் இறக்கினால், கீழ்க்கையின் சக்கரப் பக்க நுனி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, கார் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். விளைவு? கார் தாழ்ந்திருந்தும் வளைவில் சாயும் விசை கூடிவிடுகிறது. சாயாமல் இருக்க இறக்கினோம்; இறக்கியதாலேயே சாய்கிறது! அதை மறைக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேடி ஓட வேண்டியதுதான்.

இன்னொன்று, தைப்பூசத்துக்கு ஐந்து பேர் ஏறி, பால்குடச் சாமான், சாப்பாட்டுக் கூடை எல்லாம் ஏற்றினால், அளவுக்கு மீறி இறக்கிய கார் அடியிலுள்ள ரப்பர் முட்டுக்கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிடும். அந்த நிலையில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரி. வளைவின் நடுவில் அது நடந்தால் பிடி சட்டென்று போகும், முன்னறிவிப்பு இல்லாமல்.

ஹை-லோ செட்டு கெட்டதா? கெட்டதில்லை. உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம்; நல்ல செட்டில் அப்சோர்பரின் இறுக்கத்தையும் மாற்றலாம். ஆனால் மலிவான செட்டுகளில் ஸ்பிரிங் மட்டும் கல்லாக இருக்கும்; அப்சோர்பர் அதற்கு ஈடு கொடுக்காது. உப்புக்காற்று வீசும் நம் கரையோரத்தில் மரை துருப்பிடித்து, ஒரு வருடம் கழித்து உயரத்தை மாற்ற நினைத்தால் அசையவே அசையாது. வாங்குவதானால் அதைப் பழுது பார்த்துக் கொடுக்கும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

பொட்டோங் கடையில் பழைய சாமான் வாங்கலாமா என்ற கேள்வியும் வரும். ஸ்பிரிங், ஸ்டெபிலைசர் கம்பி இவற்றில் வெடிப்போ ஆழமான துருவோ இல்லையென்றால் வாங்கலாம். அப்சோர்பர் வேண்டாம். அதன் உயிர் உள்ளே இருக்கும் எண்ணெயிலும் சீலிலும் இருக்கிறது. வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அப்சோர்பரை மாற்றும்போது இடது, வலது இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

ஐந்தாவது, ஸ்டெபிலைசர் கம்பி. கார் சாய்வதைத் தடுக்கும் முறுக்குக் கம்பி இது. நேர்ச்சாலையில் சுகத்தை அதிகம் கெடுக்காது. வளைவில்தான் வேலை செய்யும். ஆனால் அளவோடு இருக்கவேண்டும். கம்பியின் முறுக்குப் பலம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பப் பெருகும். உதாரணமாக, 19 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 22 மில்லிமீட்டர் போட்டால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பலமோ ஏறக்குறைய 1.8 மடங்கு! முன்சக்கரம் இழுக்கும் காரில் பின்பக்கக் கம்பியைத் தடிமனாக்கினால் கார் வளைவில் சுறுசுறுப்பாகத் திரும்பும். மழையில் பதறிப்போய் எண்ணெய்க் காலை எடுத்தால், அதே சுறுசுறுப்பு வாலைச் சுழற்றிவிடும். ஆகவே ஒரு படி மட்டும் ஏறுங்கள், ஓட்டிப் பழகுங்கள்.

இனி பணக் கணக்கு. கையிலிருக்கும் பணத்தைப் பத்துப் பங்காக்குங்கள். நான்கு பங்கு டயருக்கு. இரண்டு பங்கு புஷ், ஜாயிண்ட், அலைன்மெண்ட். மூன்று பங்கு அப்சோர்பரும் ஸ்பிரிங்கும். ஒரு பங்கைத் தொடாதீர்கள். பழைய காரைக் கழற்றினால் துருப்பிடித்த போல்ட் ஒன்று ஒடியும். அதற்கு அது உதவும். கடன் வாங்கி இந்த வேலை செய்யவே கூடாது. ஷிப்டு முடிந்து வரும் வழியில் கார் நின்றுவிட்டால், மறுநாள் சம்பளம் பிடிபடுவது உங்களுக்குத்தான். சாமான் விற்ற தவுக்கேவுக்கு அல்ல.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சாலைப் போக்குவரத்து இலாகாவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் மாற்றும்போது வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். வெட்டிய ஸ்பிரிங் அங்கே உங்களைக் காட்டிக் கொடுக்கும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து விடுங்கள். சொல்லாமல் மாற்றிவிட்டு, விபத்து என்று போய் நின்றால் அங்கே கதவு திறக்காமலும் போகலாம். வேகத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்ற துடிப்பு இருந்தால், 1999-ல் திறந்த சிப்பாங் பந்தயத் திடல் இருக்கிறது. பொதுமக்கள் ஓட்ட நாள் ஒதுக்கும்போது காசு கட்டிப் போய் ஓட்டுங்கள். ஜூரு சாலையில் போட்டி போடாதீர்கள். அங்கே எதிரில் வருவது இன்னொரு வீட்டுப் பிள்ளை.

சரி, அந்தத் தம்பி என்ன செய்தார் என்று கேட்பீர்கள்.

கல்யாண வீட்டு வாசலிலேயே காரின் மூலைகளை அழுத்திப் பார்த்தோம். பின்பக்க இடது மூலை நாலு தரம் ஆடியது. குனிந்து பார்த்தால் அப்சோர்பர் முழுக்க எண்ணெய். முன்பக்க கீழ்க்கைப் புஷ் இரண்டும் வெடித்திருந்தன. டயர்களில் ஒன்றுக்கு எட்டு வயது. "தம்பி, உங்க கார் கீழே இறங்கணும்னு கேக்கலை, வைத்தியம் பாருங்கன்னு கேக்குது" என்றேன். அவர் சிரித்துவிட்டு, நான் சொன்ன வரிசையைக் கைப்பேசியில் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். புஷ், டயர், அலைன்மெண்ட், நான்கு அப்சோர்பர். ஸ்பிரிங் நிறுவனம் கொடுத்ததே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். ஒரு ஞாயிறு காலை அம்மாவை ஏற்றிக்கொண்டு இரண்டாவது பாலம் வழியாகப் பத்து மாவுங் போய், பாலேக் பூலாவ் மலை ஏறி, தெலுக் பாஹாங் இறங்கியிருக்கிறார். வளைவுக்கு வளைவு கார் எப்படித் திரும்பியது என்று பத்து நிமிடம் மூச்சு விடாமல் சொன்னார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அம்மா என்ன சொன்னாங்க?"

"பாதி வழியிலேயே தூங்கிட்டாங்க மாமா."

வாசகர்களே, தோட்டத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் காண்டாக் கம்பில் இரண்டு வாளி பாலைத் தொங்கவிட்டு மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி வருவார்கள். கம்பு வளையும், கால் ஒரு தாளத்தில் போகும், ஒரு சொட்டுப் பால் சிந்தாது. வேகமாகத்தான் வருவார்கள். ஆனால் வெட்டி இழுக்க மாட்டார்கள், திடீரென்று திரும்ப மாட்டார்கள். அந்த நடையை நினைத்துக்கொண்டு காரை ஓட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பயமில்லாமல் தூங்கும்படி ஓட்டத் தெரிந்தவரே நல்ல ஓட்டுநர். அப்படித் தூங்க விடும் காரே நல்ல கார்.

அடுத்த முறை பிரேக் பற்றிப் பேசுவோம். அதுவரை, உங்கள் வீட்டுக் காரின் நான்கு மூலைகளையும் ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.